நிழலுக்குக் கறுப்பு வேண்டாம்

சிவகாசியில் ஓர் அச்சகத்தின் பின்கட்டு. மரப்பலகை மேல் அடுக்கியிருந்த ராப்பர் தாள்களில் மேலே இருந்த ஒன்றை மெஷின்காரர் தூக்கினார். அதற்கு அடியில் இருந்த தாளும் கூடவே வந்தது. இரண்டையும் பிரித்தபோது, புண்ணில் ஒட்டிய பிளாஸ்திரியை உரிப்பதுபோல ஒரு சத்தம். மேல் தாளின் முதுகில் கீழ்த் தாளின் கறுப்பு திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. கீழ்த் தாளில் நான் ஒரு வாரம் உட்கார்ந்து செய்த முகம் பாதி உரிந்து போயிருந்தது.

"இது காய நாலு நாள் ஆகும் சார். காஞ்சாலும் ஒட்டத்தான் செய்யும். நாளைக்கு கட்டிங் போக முடியாது" என்றார் அவர்.

அதுதான் நான் வடிவமைத்த முதல் பேய்ப்பட அட்டை. ஒரு சின்ன சினிமா மாத இதழ், திகில் படங்களுக்காக ஒரு சிறப்பிதழ் கொண்டு வந்தது. திகில் என்றால் இருட்டு, இருட்டு என்றால் கறுப்பு என்று நான் நினைத்தேன். கணினியில் சியான் என்ற நீலம், மெஜந்தா என்ற ரோஸ், மஞ்சள், கறுப்பு என்று நான்கு மைகளையும் 100, 100, 100, 100 என்று வைத்தேன். திரையில் அது கிணற்றடி இருட்டைப் போல அழகாக இருந்தது. தாளில் விழும் மையின் மொத்த அளவு 400 சதவீதம் ஆகிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை. வழவழப்பான ஆர்ட் பேப்பரில் 300 சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். அதைத் தாண்டினால் மை காயாது, அடுத்த தாளின் முதுகில் அப்பிக்கொள்ளும். தப்பு முழுக்க என்னுடையது. அச்சகத்தார் அன்று ராத்திரியே புது பிளேட் போட்டு, நான்கு மைகளையும் குறைத்து மறுபடி ஓட்டிக் கொடுத்தார்கள். இதழ் நேரத்துக்கு வந்தது. ஆனால் அட்டையில் இருட்டு இல்லை. சாம்பல் பூசினாற்போல ஒரு மங்கல், அதன் நடுவில் சேற்றில் அமுக்கியதுபோல ஒரு முகம்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்த அட்டையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் அதைப் பார்த்தான். பயப்படவில்லை. திரும்பி ஜன்னலை வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டான். அது எனக்கு ரொம்ப நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகுதான் பேய்ப்பட இதழ்களின் அட்டைகளை உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். முன்பும் பார்த்திருக்கிறேன், ரசிகனாக. இப்போது ஒரே கேள்வியோடு பார்த்தேன்: இவர்கள் இருட்டை எதைக் கொண்டு செய்கிறார்கள்?

இந்த வகை இதழ்களுக்கெல்லாம் மூத்தது 'ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபிலிம்லேண்ட்'. 1958 பிப்ரவரியில் அமெரிக்காவில் வந்தது. பதிப்பாளர் ஜேம்ஸ் வாரன், ஆசிரியர் ஃபாரஸ்ட் ஆக்கர்மேன். ஒரே ஓர் இதழ் போடலாம் என்று ஆரம்பித்தது, 1983 வரை 191 இதழ்கள் ஓடியது. முதல் இதழின் அட்டை ஒரு புகைப்படம்தான். ஒரு மாடல் அழகிக்குப் பக்கத்தில் ஃபிராங்கன்ஸ்டைன் முகமூடி மாட்டிக்கொண்டு ஒருவர் நிற்கிறார். முகமூடிக்குள் இருப்பவர் பதிப்பாளர் வாரனே.

அதற்கு முந்தைய வருடம், 1957-ல், யுனிவர்சல் நிறுவனத்தின் பழைய படங்கள் 52-ஐ 'ஷாக்' என்ற பெயரில் ஒரே கட்டாக அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்றிருந்தார்கள். ஃபிராங்கன்ஸ்டைன், டிராகுலா எல்லாம் அந்தக் கட்டில் வந்தவை. அப்பாக்கள் தியேட்டரில் பார்த்துப் பயந்த படங்களைப் பிள்ளைகள் வீட்டு ஹாலில், சின்னத் திரையில், ராத்திரி நேரத்தில் பார்த்தார்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை. அந்தப் பிள்ளைகள்தான் கடைக்குப் போய் இந்த இதழை வாங்கியவர்கள்.

1960-ல் ஒன்பதாவது இதழுக்கு பேசில் கோகோஸ் என்ற ஓவியர் வந்தார். எகிப்தில் கிரேக்கக் குடும்பத்தில் பிறந்து, பதினாறு வயதில் அமெரிக்கா போனவர். நியூயார்க்கில் ஓவியம் படித்து, சாகசக் கதை இதழ்களுக்கு வரைந்துகொண்டிருந்தவர். ஒன்பதாவது இதழின் அட்டையில் திகில் பட நடிகர் வின்சென்ட் பிரைஸின் முகம். அதைப் பார்க்கும் யாரும் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை, நிறத்தைத்தான் பார்ப்பார்கள். மனிதத் தோலுக்கு இருக்கவே முடியாத நிறங்களில் ஒரு மனிதத் தோல்.

அவர் கையில் இருந்தவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளை ஸ்டில்கள். அவற்றை வைத்துக்கொண்டு, அந்த முகத்தின் ஒரு பக்கம் பச்சை விளக்கும், இன்னொரு பக்கம் சிவப்பு விளக்கும், உச்சியில் மஞ்சள் விளக்கும் எரிவதாகக் கற்பனை செய்து வரைவார். படத்தில் இல்லாத விளக்குகள். எந்த அறையிலும் அப்படி மூன்று விளக்குகள் எரிவதில்லை. ஆனால் ஒவ்வொரு சுருக்கமும் ஒவ்வொரு வெளிச்சத்தை வாங்கி, அந்த முகம் காகிதத்திலிருந்து புடைத்துக்கொண்டு நிற்கும்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்தது. 1931-ல் ஃபிராங்கன்ஸ்டைன் படத்தில் பூதமாக நடித்த போரிஸ் கார்லாஃபுக்கு ஒப்பனை போட்டவர் ஜாக் பியர்ஸ். தினமும் நாலு மணி நேரம் பிடிக்கும் ஒப்பனை. முகத்துக்குப் பச்சை கலந்த சாம்பல் நிறச் சாயம் பூசினார். கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் அது பிணத்தின் வெளிறலாகப் பதியும் என்பதற்காக. படத்தளத்தில் இருந்தவர்கள் மட்டுமே பார்த்த பச்சை அது. தியேட்டரில் உட்கார்ந்த ஒருவருக்கும் தெரியாது. பிற்பாடு உலகம் முழுக்கக் குழந்தைகள் அந்தப் பூதத்துக்குப் பச்சை கிரேயானை எடுக்கிறார்கள். கறுப்பு வெள்ளைக்குள் எப்போதுமே ஒரு நிறம் ஒளிந்திருக்கிறது என்று அதைப் படித்த நாளில் எனக்குத் தோன்றியது. வரைகிறவன் அதை வெளியே எடுக்க வேண்டும்.

கோகோஸின் அட்டைகளைக் கணினியில் பெரிதாக்கி, நிழல் விழுந்த இடங்களில் மட்டும் நிறத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கன்னத்துக்குழி, தாடைக்கு அடி, கண்ணின் பள்ளம். நான் கறுப்பு என்று நினைத்த இடங்களில் பெரும்பாலும் ஊதாவும் கரும்பச்சையும் காவியும் இருந்தன. கறுப்பு அங்கங்கே கொஞ்சம், அவ்வளவுதான்.

மற்ற இதழ்களையும் பார்த்தேன். 1979-ல் தொடங்கிய 'ஃபாங்கோரியா'வின் முதல் அட்டையில் காட்ஸில்லா. அந்த இதழின் இடது ஓரத்தில் படச்சுருள் மாதிரி ஒரு பட்டை ஓடும், அதில் சின்னச் சின்ன ஸ்டில்கள். பெரிய படம் பிடிக்காதவனையும் ஓரத்தில் இருக்கும் ஒரு துண்டு இழுத்துவிடும். டொரான்டோவில் 1997-ல் தொடங்கிய 'ரூ மார்க்' இன்னொரு ருசி. எல்லாமே நல்ல பாடங்கள். ஆனாலும் நான் திரும்பத் திரும்ப கோகோஸிடம்தான் போனேன். காரணம் எனக்கு அப்போது பிடிபடவில்லை. ஒருநாள் கரண்ட் போனபோதுதான் பிடிபட்டது.

சின்ன வயதில் கரண்ட் போனால் அப்பத்தா அரிக்கேன் விளக்கை நடுக்கூடத்தில் தரையில் வைப்பாள். நாங்கள் சுற்றி உட்காருவோம். அவள் எங்கள் வயல் பக்கத்துப் புளியமரத்தின் கதை சொல்வாள். அந்தக் கதை எங்களுக்கு மனப்பாடம். ஆனால் அவள் முகம்! மூக்கின் நிழல் நெற்றிக்கு ஏறியிருக்கும். புருவத்துக்கு மேலே இருட்டு, கண்ணுக்குக் கீழே வெளிச்சம். பாம்படம் ஆடும்போது அதன் நிழல் கன்னத்தில் மேலும் கீழும் போகும். என் தங்கை கதை முடியும்வரை அவள் முகத்தைப் பார்க்கமாட்டாள். காலையில் அதே அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பாள், தங்கை அவள் மடியில் படுத்திருப்பாள்.

வெயிலும் நிலாவும் மேலிருந்து வருகின்றன. வீட்டு விளக்கும் மேலேதான் எரிகிறது. பிறந்ததிலிருந்து நாம் பார்க்கும் எல்லா முகங்களிலும் நிழல் கீழ்நோக்கித்தான் விழுகிறது. அந்தத் திசை மாறினால், தெரிந்த முகம் தெரியாத முகமாகிவிடுகிறது. கோரைப்பல்லும் வேண்டாம், ரத்தமும் வேண்டாம். கோகோஸ் வரைந்த முகங்களில் வெளிச்சம் வரக்கூடாத இடத்திலிருந்து வருகிறது. என் முதல் அட்டையில் வெளிச்சம் எங்கிருந்தும் வரவில்லை. அதனால்தான் அந்தப் பையன் ஜன்னலைப் பார்த்தான்.

இரண்டு வருடம் கழித்து அதே இதழ் மறுபடி கூப்பிட்டது. இந்த முறை தமிழில் வந்த பழைய கறுப்பு வெள்ளை ஆவிப் படங்கள், மறுபிறவிப் படங்கள் பற்றிய சிறப்பிதழ். ஆசிரியருக்கு மனதில் ஓர் அட்டை இருந்தது: வெள்ளைப் புடவை, விரித்த தலைமுடி, கையில் மெழுகுவத்தி, ரத்தம் சொட்டும் எழுத்து.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. நாற்பது வருடமாக வால்போஸ்டரில் பார்த்துப் பார்த்துக் கண் மரத்துப்போனது ஒரு காரணம். இன்னொன்றை அவரிடம் நேராகவே சொன்னேன். அந்த வெள்ளைப் புடவை எங்கள் அப்பத்தா கட்டியிருந்த புடவை. கைம்பெண்ணைக் கண்டு ஊர் பயந்த பயத்தைத்தான் சினிமா பேய்க்கு உடுத்திவிட்டது. அதை இன்னொரு முறை நான் அச்சடிக்க மாட்டேன் என்றேன். ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "சரி, வேற என்ன வைப்பீங்க?" என்றார்.

நம்பியாரின் முகம் என்றேன். 1963-ல் ஸ்ரீதர் எடுத்த 'நெஞ்சம் மறப்பதில்லை'யில் அவர் ஜமீன்தார். அந்தப் படத்தில் அவர் முதுமைக் கோலத்தில் வரும் முகம் தமிழ் சினிமாவின் மிகப் பயங்கரமான முகங்களில் ஒன்று என்பது என் கட்சி. ஒளிப்பதிவு வின்சென்ட். ஒரு பிறவியின் வன்மம் அடுத்த பிறவிவரை காத்திருக்கும் கதைக்கு, அந்தச் சுருக்கம் விழுந்த முகமே போதும். வெளியில் சபரிமலைக்குப் பல தலைமுறைகளை அழைத்துப்போன குருசாமி அவர். அவர் முகத்தைத் திரையில் கண்டு குழந்தைகள் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்திருக்கிறார்கள். அந்த ஒரு முகத்தில் இரண்டும் இருந்தது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

ஒரு கறுப்பு வெள்ளை ஸ்டில் கிடைத்தது. உள்ளங்கை இரண்டு சேர்ந்த அளவு. அதைக் கணினியில் நிறமேற்றலாம் என்று நான்கு நாள் முயன்றேன். நிறம் முகத்தின் மேல் ஒட்டியது, உள்ளிருந்து வரவில்லை. கண்ணாடிக் காகிதத்தைப் போர்த்தியதுபோல இருந்தது. அப்போதுதான் பெயின்டர் ஐயாவின் ஞாபகம் வந்தது.

எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். மதுரைத் தியேட்டர்களுக்கு முப்பது வருடம் பேனர் வரைந்தவர். 2000-க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்து, சில வருடங்களில் அந்தத் தொழிலே இல்லாமல் போனது. அப்புறம் கடைப் பலகை, கோயில் சுவர், பள்ளிக்கூட வாகனத்தின் பின்னால் எழுத்து என்று செய்துகொண்டிருந்தார். இப்போது அதுவும் இல்லை. எழுபது தாண்டிவிட்டது.

பேனர் வேலையைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கம்பெனியிலிருந்து வருவது சின்ன ஸ்டில்தான், அந்தக் காலத்தில் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. அதன் மேல் பென்சிலால் சதுரம் சதுரமாகக் கட்டம் போடுவார்கள். துணியில் அதே கட்டத்தைப் பெரிதாகப் போட்டு, ஒவ்வொரு சதுரமாக உருவத்தை ஏற்றுவார்கள். உடை, பின்னணியெல்லாம் உதவியாளர்கள். முகம் மட்டும் தலைமைப் பெயின்டர். அந்த முகத்தின் நிறம் இருக்கிறதே! ரோஸ் கன்னம், பச்சை நிழல், மூக்கின் ஓரத்தில் நீலக் கோடு. கிட்டப் போனால் வெறும் திட்டுகள். ரோட்டின் அந்தப் பக்கம் நின்று பார்த்தால் மூச்சுவிடும் மனிதர்.

என் போனில் கோகோஸின் ஓர் அட்டையைக் காட்டினேன். ஐயா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"யாரு போட்டது? நம்ம ஆளா?"

"இல்லைங்கய்யா. அமெரிக்காவுல இருந்தவர். 2017-ல இறந்துட்டாரு."

"நல்லா பேனர் போட்டிருக்காரு" என்றார். போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தை விரித்துத் தாடைக்குக் கீழே நிறுத்தினார். "இங்க பாரு தம்பி. நெழலுக்கு ஊதா வச்சிருக்காரு. கறுப்பு வச்சிருந்தா அந்த எடத்துல ஓட்டை விழுந்திருக்கும். நாங்க மூஞ்சியில கறுப்பு வைக்கவே மாட்டோம். மசி தனியா இருக்கும், எழுத்துக்கு மட்டும்."

எகிப்தில் பிறந்து நியூயார்க்கில் வரைந்த ஒருவரும், மதுரையில் சாரத்தின் மேல் நின்று வரைந்த ஒருவரும், ஒருவரை ஒருவர் அறியாமல், கறுப்பு வெள்ளை ஸ்டிலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

வரைந்து தருகிறேன் என்றார். கை நடுக்கம் காலையில் குறைவாக இருக்கும் என்பதால் ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை மட்டும் வேலை. நான் தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஸ்டில்லில் கட்டம் போட்டார். தடித்த தாளில் கட்டத்தைப் பெரிதாக்கினார். முதல் நாள் முழுக்க முகத்துக்கு மஞ்சள் கலந்த சாம்பல் மட்டும். இரண்டாம் நாள் நிழல்கள், அடர் நீலமும் காவியும் கலந்து. மூன்றாம் நாள்தான் வெளிச்சம். "எங்கேருந்து வரணும்?" என்று கேட்டார். கீழே இடது பக்கத்திலிருந்து பச்சை, பின்னால் வலது பக்கத்திலிருந்து மங்கின சிவப்பு என்றேன். அரிக்கேன் விளக்கைப் பற்றியும் சொன்னேன். அவர் எழுந்துபோய் ஒரு டார்ச்சைக் கொண்டுவந்து என் தாடைக்குக் கீழே பிடித்தார். கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பச்சையைக் குழைத்தார்.

பச்சை போதவில்லை என்று எனக்குப் பட்டது. இன்னும் கொஞ்சம் ஏற்றலாமா என்று கேட்டேன். "பச்சையைத் தொடாத. பக்கத்துல இருக்கற நீலத்தைக் கொஞ்சம் அழுக்காக்குறேன், அது தானா எந்திரிக்கும்" என்றார். நீலத்தில் ஒரு துளி காவி விட்டுத் தேய்த்தார். பச்சை நிஜமாகவே எழுந்தது. கண்ணில் ஈரம் மினுங்கும் வெள்ளைப் புள்ளியை நான்காம் நாள் கடைசியில், மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரே தொடுதலில் வைத்தார்.

இந்தப் பாடம் கணினியில் பிற்பாடு எனக்குக் கைகொடுத்தது. ஓவியத்தை ஸ்கேன் செய்து அச்சு நிறத்துக்கு மாற்றியதும், திரையில் பளிச்சென்று இருந்த பச்சை செத்துப்போனது. திரை ஒளியால் காட்டும் பச்சையை நான்கு மைகளால் தாளில் கொண்டுவர முடியாது. பழைய நானாக இருந்தால் பச்சையை ஏற்றி ஏற்றிக் கெடுத்திருப்பேன். இப்போது சுற்றியிருந்த நீலத்தின் பளபளப்பைக் குறைத்தேன். பின்னணியில் மிக அடர்ந்த இடத்திலும் சியான் 80, மெஜந்தா 70, மஞ்சள் 50, கறுப்பு 80. கூட்டினால் 280. அதற்கு மேல் ஒரு புள்ளிகூட ஏறாமல் பார்த்துக்கொண்டேன். அந்த இருட்டை உற்றுப் பார்த்தால் அடியில் நீலம் தெரியும்.

எழுத்து விஷயத்துக்கு வருகிறேன். ரத்தம் சொட்டும் எழுத்து தமிழுக்கு ஒத்துவராது என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. முதல் அட்டையில் 'திகில் காலம்' என்று தலைப்பு. எழுத்துகளின் அடியிலிருந்து சொட்டுகள் இறங்கும்படி செய்திருந்தேன். துணைக்காலில் ஒரு சொட்டு இறங்கியதும் அது 'ர' ஆகிவிட்டது. கடையில் ஒருவர் அதைத் 'திகில் கரலம்' என்று படித்தார். இங்கிலீஷ் எழுத்தில் எங்கே சொட்டினாலும் எழுத்து எழுத்தாகவே இருக்கும். நம் எழுத்தில் ஒரு வால் நீண்டால் வேறு எழுத்து.

ஆகவே இந்த முறை ஒரே சொல்: பேய். பெயின்டர் ஐயாவே பட்டைத் தூரிகையால் எழுதினார். கொம்பின் இரண்டு சுழியையும் கை எடுக்காமல் போட்டு, 'ப'வின் மூலைகளைச் சதுரமாக நிறுத்தி, 'ய'வை முடித்தார். மேலே புள்ளி வைக்கப் போனவரை நான் தடுத்தேன். அந்தப் புள்ளியை மட்டும் நான் சிவப்பில் வைக்கிறேன் என்றேன். எழுத்து வெளிறிய மஞ்சள், புள்ளி மட்டும் சிவப்பு. அட்டை முழுவதிலும் கலப்பில்லாத சிவப்பு அந்த ஓர் இடத்தில்தான்.

அதை எங்கே வைப்பது என்பதில்தான் ரொம்ப நேரம் போனது. பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் இதழ்களைச் சரிவாக ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவார்கள். மேலே கால்பங்குதான் தெரியும். அந்தக் கால்பங்கில் இதழின் பெயர், நம்பியாரின் கண்கள், இரண்டும் வந்தாக வேண்டும். பெயரைத் தலைக்குப் பின்னால் மறைத்துவிடலாம் என்று முதலில் செய்தேன். பெரிய இதழ்கள் செய்வது அது. ஆசிரியர் மறுத்தார். எங்களை யாருக்கும் அவ்வளவு தெரியாது, பெயர் முழுசாகத் தெரியணும் என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. முகத்தை இன்னும் பெரிதாக்கி, நெற்றியின் மேல்பகுதியை வெட்டி, கண்களைப் பெயருக்கு நேர் கீழே கொண்டுவந்தேன். நெற்றி போனதும் முகம் பக்கத்தில் வந்துவிட்டது. 'பேய்' என்ற சொல் அட்டையின் கீழ்ப்பாதியில், தாடைக்கு அடியில். பச்சை வெளிச்சம் அந்தச் சிவப்புப் புள்ளிக்குப் பக்கத்திலிருந்து கிளம்புவது போல அமைந்தது.

மறுபடியும் சிவகாசி. அதே அச்சகம், அதே மெஷின்காரர். என்னை ஞாபகம் வைத்திருந்தார். ஃபைலைத் திறந்ததும் அவர் முதலில் பார்த்தது மொத்த மை அளவைத்தான்.

முதல் தாள்கள் வந்தபோது நம்பியார் ஆரோக்கியமாக இருந்தார். கன்னத்தில் ரத்தம் ஓடியது. மெஜந்தா கொஞ்சம் கூடிவிட்டது. வேறொரு அட்டையாக இருந்தால் தோல் நிறம் நன்றாக வந்திருக்கிறது என்று ஓட்டியிருப்பார்கள். "கொஞ்சம் சாகணும் அண்ணே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. முகம் வரும் பகுதிக்கு மட்டும் மெஜந்தாவை மெல்ல இறக்கினார். பத்து இருபது தாள் ஓடியதும் ஒன்றை உருவினார். கன்னத்தில் இருந்த உயிர் வடிந்து பச்சை மேலே வந்திருந்தது.

அடுத்தது புள்ளி. சிவப்பு என்பது மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்தது. சுற்றிலும் நான்கு மை இருட்டு. பிளேட்டுகள் ஒரு தலைமுடி அளவு நகர்ந்தாலும் புள்ளியின் ஓரத்தில் வெளிறிய பிறை தெரியும். அதைத் தடுக்கப் புள்ளியின் சிவப்பை இருட்டுக்கு அடியிலும் கொஞ்சம் நீட்டிவிட்டிருந்தேன். அவர் லென்ஸை வைத்துக் குனிந்து பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். லென்ஸுக்குள் அது புள்ளியாகத் தெரியவில்லை. மஞ்சளும் மெஜந்தாவும் கெட்டியாகப் படிந்த ஒரு சிவப்புக் குளம், கரையில் நீலமும் கறுப்பும் மணல்மணலாக. வெளிறிய பிறை எங்கும் இல்லை.

லேமினேஷன் மேட்டா பளபளப்பா என்பதில் எனக்கும் ஆசிரியருக்கும் ஒரு சின்னப் பேச்சு. பளபளப்பில் இருட்டு இன்னும் ஆழமாகத் தெரியும், மேட்டில் கொஞ்சம் வெளுக்கும். ஆனால் கடைகளில் எரிவது டியூப்லைட். பளபளப்பான அட்டையில் அது ஒரு வெள்ளைக் கோடாக விழுந்து முகத்தை வெட்டிவிடும். மேட் என்றே முடிவு செய்தோம். இரண்டு கண்களுக்கும் அந்தப் புள்ளிக்கும் மட்டும் ஸ்பாட் யூவி. அதாவது அந்த இடங்களில் மட்டும் மேலே ஒரு பளபளப்பான பூச்சு. தாளைச் சாய்த்தால் மட்டும் மினுங்கும்.

ஓட்டம் முடிந்தபோது ராத்திரி பதினோரு மணி. பலகை மேல் அடுக்கு இடுப்பு உயரம் இருந்தது. மெஷின்காரர் மேல் தாளை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கினார். அடியில் இருந்தது அசையாமல் கிடந்தது.

இதழ் வந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு பெயின்டர் ஐயா வீட்டுக்குப் போனேன். அவர் அதைக் கையில் வாங்கி முதலில் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் நேராக்கினார். வாசலுக்கு வந்து, கையை நீட்டித் தூரமாக வைத்துப் பார்த்தார். தாடைக்குக் கீழ் நிழலில் கட்டைவிரலை ஓட்டினார். உள்பக்கத்தில் தன் பெயர் போட்டிருக்கிறதா என்று கேட்கவில்லை. நானே பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். தலையசைத்துவிட்டு மறுபடி அட்டைக்கு வந்தார்.

வெயில் படும்படி சாய்த்தபோது கண்கள் மினுங்கின.

"கண்ணு ஈரமா இருக்கே தம்பி" என்றார். ஆள்காட்டி விரலால் ஒரு கண்ணை மெல்லத் தொட்டார். பிறகு, சாயம் ஒட்டியிருக்கிறதா என்று விரல் நுனியைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார்.